ஏழாவது நீரைக் கடந்தது யார்?

திண்டுக்கல்
14.5.2001

அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. எட்டு வருடம் கழித்து எழுதுகிற கடிதத்தில் அது ஒட்டவும் ஒட்டாது. உன் கடிதங்களுக்கு நான் பதில் போடவில்லை என்று குறைப்படாதே. வீட்டை விட்டுப் போனவள் நீ. அப்பாவோடு ஒரே கூரையின் கீழ் இருந்து அவருடைய மௌனத்தைச் சமாளித்தவள் நான்.

எழுத வைத்தது உன் பொம்மைப் படம்தான். நேற்று பூசை முடிந்து, தெருப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு 'ஏழுநீர்க் கோட்டை' பார்க்கப் போனேன். நாம் சின்னதில் படித்த கதை, கார்ட்டூனாக வந்திருக்கிறது என்று மட்டும்தான் தெரியும். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது பிள்ளைகள் கையைப் பிடித்து இழுக்கின்றன, நான் நகரவில்லை. வரைந்தவர்கள் வரிசையில் 'அன்னாள் ஞானராஜ்' என்று வந்தது. கல்யாணம் ஆன பிறகும் அப்பா பெயரையா போட்டுக்கொள்கிறாய்? அவர் உன் பெயரை வீட்டில் சொல்லக்கூட விடுவதில்லை, தெரியுமா?

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளுக்கு மார்க் போடுகிற பழக்கம். கோட்டையைச் சுற்றி ஏழு வளையமாகத் தண்ணீர், ஒவ்வொன்றும் ஒரு நிறம், ஒரு சத்தம். நாம் படித்தபோது நினைத்தது மாதிரியே இருந்தது. ஐந்து வருடத்துக்கு முன் நடிகர்களை வைத்து எடுத்த படத்தில் ஒரே கண்மாயை ஏழு பக்கமிருந்து பிடித்து ஏழு நீர் என்றார்கள். பேசும் கல்மீனைத் தூக்கிப் பிடித்த கம்பி பால்கனிக்கே தெரிந்தது. அதில் எல்லாம் நீங்கள்தான் மேல்.

ஆனால் முடிவு பொய், அக்கா. அப்பனின் பேச்சை மீறிக் கோட்டையை விட்டுப் போன அலரி, மணலரசனைக் கொன்று, திருடுபோன மழையை மீட்டுக்கொண்டு ஏழாவது நீரின் அக்கரைக்கு வந்து நிற்கிறாள். கதை அங்கே நின்றுவிடும். உங்கள் படத்தில் அவள் தண்ணீரில் இறங்குகிறாள். அதுகூடப் பரவாயில்லை. இந்தப் பக்கமிருந்து அவள் அப்பாவும் இறங்கி நடந்து வருகிறாராம். எந்த ஊர் அப்பா இறங்கி வருகிறார்? நடிகர்கள் படத்தில் அந்த ஏமாற்று வேலை இல்லை. மணலரசன் செத்தான், அவள் ஜெயித்தாள், படம் முடிந்தது. போனவள் போனவள்தான். கம்பி தெரிந்தாலும் அந்தப் படம்தான் உண்மையைச் சொன்னது.

சின்ன வயதில் நான்தான் அலரி திரும்பி வருவாள் என்று சண்டை போடுவேன். வர மாட்டாள் என்று நீ சொல்வாய். இப்போது பார், யார் எந்தப் பக்கம் நிற்கிறோம்.

பதில் எழுதுவதானால் வீட்டுக்கு எழுதாதே. போனும் செய்யாதே, அது அப்பா கட்டில் பக்கத்தில் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டு அருகில் ரொனால்டு ஜெராக்ஸ் கடை என்று முகவரி போடு. ரொனால்டு யார் என்று கேட்காதே.

கிளாரா


திருவனந்தபுரம்
23.5.2001

அடியே கிளாரா,

கேட்காதே என்று எழுதினால் கேட்காமல் இருக்க நான் என்ன ஊமையா? யாரடி அந்த ரொனால்டு?

உன் கையெழுத்தைத் தபால்காரர் கையிலேயே அடையாளம் கண்டுவிட்டேன். வாங்கியதும் பிரிக்கத் தைரியம் இல்லை. அடுப்பில் இருந்த குழம்பு அடிப்பிடித்த பிறகுதான் பிரித்தேன். திட்டாகவே இருந்தாலும் இரண்டு பக்கத் திட்டு. எட்டு வருடத்துக்கு இது பெரிய விருந்து.

அப்பா பெயரை ஏன் போட்டேன் என்று கேட்கிறாய். வேலைக்குச் சேர்ந்த அன்று பெயர் கேட்டார்கள், வாயில் அதுதான் வந்தது. உன் அத்தான் பக்கத்தில்தான் நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் நல்ல மனிதர் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நான் பெரிய ஓவியர் என்று தெருப் பிள்ளைகளிடம் அளந்துவிடாதே. ஒருவர் கையைத் தூக்குகிறார் என்றால், கை கீழே இருக்கும் படத்தையும் மேலே போன படத்தையும் பெரியவர்கள் வரைந்து கொடுத்துவிடுவார்கள். நடுவில் கை போகிற படங்களை எல்லாம் என்னைப் போன்றவர்கள் வரைய வேண்டும். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசை, அதன்மேல் காகிதத்துக்கு மேல் காகிதம். கண் எரியும், இடுப்பு ஒடியும். கடைசியில் திரையில் அது ஒரு கொட்டாவி விடும் நேரம்கூட இருக்காது. ஆனாலும் அந்தக் கை அசையும்போது வயிற்றில் ஒரு சந்தோஷம் வரும் பார், அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

இனி உன் விமர்சனத்துக்கு வருகிறேன். நீ எந்தப் படத்தைப் பார்த்தாய்? நடிகர்கள் படத்திலும் அலரி வீடு திரும்புகிறாளே. மணலரசன் செத்த பிறகு மழையோடு கோட்டை வாசலுக்கு வருகிறாள். அப்பா ஓடி வந்து காலடியில் விழாத குறையாக அழுகிறார், பக்கம் பக்கமாக வசனம். இங்கே அந்தப் படம் வந்தபோது மூன்று தடவை பார்த்தேன். கடைசிக் காட்சிக்காகத்தான் போனேன். தீபா அப்போது வயிற்றில் இருந்தாள். நான் அழுத அழுகையைப் பார்த்து, பிரசவம் வந்துவிட்டதோ என்று முன் சீட்டுக்காரர் எழுந்துவிட்டார்.

பிடிக்காத காட்சியை நீ மறந்துவிட்டாய் என்று நினைக்கிறேன். சின்னதிலிருந்தே உனக்கு அந்தக் குணம் உண்டு.

ஒன்று மட்டும் சொல். அந்தப் படத்தை யாரோடு பார்த்தாய்?

அன்னாள்


திண்டுக்கல்
4.6.2001

அக்கா,

அப்பாவோடுதான் பார்த்தேன். சினிமா பக்கம் தலை வைக்காத மனிதர். படத்தின் பெயரைச் சுவரொட்டியில் பார்த்து, "இது அவ விடிய விடியப் படிச்ச கதைதான?" என்று கேட்டார். அவ என்றால் யார் என்று நான் கேட்கவில்லை. திண்டுக்கல்லில் அது ஓடியது தவக்காலத்தில். அப்பா தவக்காலத்தில் வெற்றிலைகூடப் போட மாட்டார், சினிமாவுக்கா வருவார்? பாஸ்கா திருநாள் கழிந்து பார்த்துக்கொள்ளலாம் என்றார். அதற்குள் படத்தை எடுத்துவிட்டார்கள். பிறகு நத்தத்தில் போட்டிருப்பதாக, நம் புளிக் கிட்டங்கியில் வேலை பார்க்கும் சிவனம்மாள் சொன்னாள். ஒருநாள் கிட்டங்கியைப் பூட்டியதும் அப்பாவும் நானும் நத்தம் போய்ப் பார்த்துவிட்டு, கடைசி பஸ்ஸில் ஊர் வந்தோம்.

நான் எதையும் மறக்கவில்லை. மணலரசன் மணலாகச் சரிந்தான், மேளம் கொட்டியது, லைட்டைப் போட்டார்கள், எல்லாரும் எழுந்து வந்தோம். அழுகிற அப்பாவும் இல்லை, வாசலும் இல்லை. நீ பார்த்தது மலையாளத்துக்கு என்று தனியாக எடுத்ததாக இருக்கும்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். சொல்லக்கூடாது என்று இத்தனை நாள் வைத்திருந்தேன். நீ போன வருடத்திலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அப்பா உனக்கும் சேர்த்துத்தான் சேலை எடுப்பார். யாருக்கு என்று சொல்ல மாட்டார். பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். நீ என்றைக்காவது வந்து நிற்பாய் என்று அவருக்கு ஒரு நினைப்பு இருந்தது. அந்தப் படம் பார்த்துவிட்டு வரும்போது பஸ்ஸில் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். சாணார்பட்டி தாண்டி வாயைத் திறந்தார்.

"ஜெயிச்சுட்டா. இனி அங்கனதான் இருப்பா. இங்க அவளுக்கு என்ன இருக்கு."

அவ்வளவுதான். அந்த வாரமே பீரோவைத் திறந்து, சேலைகளைச் சிவனம்மாளிடம் கொடுத்துவிட்டார். அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு எனக்கு மட்டும்தான் சேலை வந்தது. அதற்குப் பிறகுதான் உன் பெயர் வீட்டில் நின்றுபோனது. அதனால்தான் அந்தப் படம் உண்மையைச் சொன்னது என்று எழுதினேன். கோபத்தில் எழுதவில்லை. நான் கண்ணால் பார்த்தது அது.

ரொனால்டு யார் என்று கேட்டாய். செப்டம்பரில் எனக்குக் கல்யாணம். ஆகஸ்டில் மூன்று ஞாயிறு கோவிலில் கல்யாண அறிவிப்பாக ஓலை வாசிப்பார்கள். மணப்பெண்ணின் தோழியாக யார் பக்கத்தில் நிற்பது என்று மாமியார் வீட்டில் கேட்கிறார்கள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

கிளாரா


திருவனந்தபுரம்
15.6.2001

கிளாரா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன். சிவனம்மாள் என் கிறிஸ்துமஸ் சேலையைக் கட்டிக்கொண்டு புளி உடைக்கிறாள் என்று நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு தீபாவுக்குத் தலை பின்ன உட்கார்ந்தபோது அழுகை வந்தது. அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள், வகிடு கோணலாகப் போய்விட்டது. எனக்கு அவர் சேலை எடுத்தார் என்று யாராவது ஒரு கார்டு போட்டிருக்கக்கூடாதா? சரி, போகட்டும். சண்டைக்கு வரவில்லை.

மலையாளத்துக்குத் தனி முடிவு எல்லாம் கிடையாது. கொஞ்சம் யோசி. நீங்கள் பார்த்தபோது 'வணக்கம்' என்று எழுத்து வந்ததா? தயாரித்தவர் கைகூப்புகிற படம் வந்ததா? வந்திருக்காது. உங்களுக்கு அவர்கள் கடைசி ரீலைப் போடவே இல்லை. நான் வேலை பார்ப்பது படக் கம்பெனியில். வெளியூர் தியேட்டர்களில் ரீலை வெட்டுவதும் விடுவதும் எங்கள் ஆட்கள் தினமும் சொல்லிப் புலம்புகிற விஷயம். நம்பாவிட்டால் நத்தத்திலேயே போய்க் கேள்.

நினைத்தால் ஆத்திரமாக இருக்கிறது. அப்பா தவக்காலத்தை மீறி அங்கே திண்டுக்கல்லிலேயே பார்த்திருந்தால் முழுப்படத்தையும் பார்த்திருப்பார். அவருடைய பக்தி என்னைக் கவிழ்த்துவிட்டது. கர்த்தரிடம்தான் முறையிட வேண்டும்.

நீ முடிவு பொய் என்றாயே, அதற்கும் பதில் சொல்கிறேன். கதையில் அலரி கரையில் நிற்பதோடு நிறுத்தியது எழுதியவருக்குக் கிடைத்த சலுகை. படிக்கிறவர் மீதியை நினைத்துக்கொள்வார். படம் எடுப்பவர் ஏதாவது ஒன்றைக் காட்டித்தான் ஆக வேண்டும். நடிகர்கள் படத்தில் அப்பாவின் வாயில் மன்னிப்பை வைத்தார்கள். நிஜ முகம், நிஜக் கண்ணீர், பார்த்தவர் அழாமல் இருக்க முடியாது. ஆனால் அலரி அங்கே சும்மா நிற்கிறாள். தப்பு முழுக்க அப்பன் மேல், மகள் மேல் ஒன்றும் இல்லை என்பது மாதிரி. எங்கள் பொம்மைகளால் அப்படி அழ முடியாது. அழ வைத்தால் சிரிப்புத்தான் வரும். அதனால் இரண்டு பேரையும் தண்ணீரில் இறக்கிவிட்டோம். வசனமே இல்லை. எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது.

உன் கல்யாணத்துக்கு வர எனக்கு ஆசை இல்லையா? தோழியாக நிற்பது இருக்கட்டும், கடைசிப் பெஞ்சியில் உட்காரச் சொன்னாலும் வருவேன். ஆனால் அப்பா கூப்பிடாமல் வர மாட்டேன். வீம்பு இல்லை, கிளாரா. நான் வந்து, எல்லார் முன்னாலும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் தீபா அதைப் பார்ப்பாள். அவளுக்கு ஐந்து வயது ஆகப்போகிறது. எல்லாம் புரியும்.

இரண்டு படத்தின் சி.டி.யையும் அனுப்புகிறேன்.

அன்னாள்


திண்டுக்கல்
2.7.2001

அக்கா,

நீ சொன்னதுதான் சரி. சனிக்கிழமை நத்தம் போய் வந்தேன். ரொனால்டும் வந்தார். தியேட்டரில் படம் ஓட்டுகிறவர் அப்துல் வாஹித் என்ற பெரியவர். அன்றைக்கும் அவர்தான் ஓட்டியிருக்கிறார். நான் போலீஸ் மாதிரிக் கேட்க ஆரம்பித்ததும், டீ வரவழைத்து உட்காரச் சொன்னார்.

"அந்தப் படமா? நல்லாத்தான் இருந்துச்சு டீச்சரம்மா. நீளம் சாஸ்தி. ராட்சசன் செத்துட்டான்னா சனம் எந்திரிச்சிரும். செத்த நேரம் தாமசிச்சா கடைசி பஸ்ஸு போயிரும். அதுக்கு மேல காலி நாற்காலிக்கா படம் ஓட்டுறது? கடைசி ரீலப் பொட்டிய விட்டு நான் வெளியவே எடுக்கல."

"அதுலதான் அப்பாவும் மகளும் சேருவாங்களாம்," என்றேன்.

"எல்லாப் படத்துலயும் கடைசில சேரத்தானம்மா செய்வாக. அதப் போட்டு வேற காட்டணுமாக்கும்?"

எனக்கு வந்த கோபத்தில் டீயைக் குடிக்காமல் எழுந்துவிட்டேன். ரொனால்டு என் டீயையும் சேர்த்துக் குடித்துவிட்டு வந்தார். பஸ்ஸில் வரும்போது யோசித்துப் பார்த்தால் அந்தப் பெரியவர் மேல் என்ன குற்றம்? கடைசி பஸ்ஸைப் பிடிக்க அவசரப்பட்டவர்களில் நாங்களும் இரண்டு பேர்.

அன்று சாயங்காலமே அப்பாவிடம் சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை. "நாம பாத்த படம் பாதிதானாம்ப்பா, கடைசி ரீலு போடவே இல்லையாம்" என்றேன். புளியைச் சோதிப்பது மாதிரி பார்த்துப் பார்த்து வாங்கிய கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "அதனால என்ன?" என்றார். "அவ வீட்டுக்கு வாராளாம். அப்பாதான் கூட்டிக்கிட்டுப் போறாராம்" என்றேன். கத்தரிக்காயைக் கூடையில் போட்டுவிட்டு எழுந்துபோய்விட்டார்.

கடைக்கு முன்பே வந்திருந்த உன் சி.டி.யை நேற்று எடுத்துக் காட்டினேன். பார்ப்போமா என்றேன். "பாத்த படத்த எவனாச்சும் மறுக்கா பாப்பானா?" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை, கவனி. உனக்கு அவரைத் தெரியும். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்.

சி.டி. போடுகிற பெட்டியை ரொனால்டு கொண்டுவந்து வீட்டில் வைத்திருக்கிறார். அப்பா அதைச் சுற்றிச் சுற்றி நடக்கிறார். அழைப்பிதழுக்கு எழுதிக் கொடுக்கிற நேரம் நெருங்குகிறது. நான் என்ன செய்யட்டும்? எந்தப் படத்தை முதலில் போடுவது?

கிளாரா


திருவனந்தபுரம்
11.7.2001

கிளாரா,

நீ கேட்டதிலிருந்து மேசையில் வேலை ஓடவில்லை. இரண்டு காகிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

நடிகர்கள் படத்தை முதலில் போடாதே என்றுதான் சொல்வேன். அந்த அப்பா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுகிற இடத்தில் நம் அப்பா எழுந்து போய்விடுவார். துக்க வீட்டில்கூடப் பின்வாசல் வழியாகப் போய்க் கிணற்றடியில் நிற்கிற மனிதர் அவர். 'நான் பாவி மகளே' என்று ஒரு வசனம் இருக்கிறது. அதைக் கேட்டால், என்னை மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார்கள் என்று நினைப்பார். கூடவே நான்தான் சொல்லிவிட்டேன் என்றும் நினைப்பார். நான் அவரிடம் மன்னிப்பு எதிர்பார்க்கவில்லை. செழியனைக் கட்டியதற்கு நானும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அவர் என்னைக் கண்ணால் பார்த்தால் போதும்.

அதற்காக என் படத்தைப் போடு என்று சொல்லவும் பயமாக இருக்கிறது. பொம்மைப் படம் சின்னப் பிள்ளைகளுக்கு என்று சொல்லிவிட்டுச் சிரித்துவிட்டால் என்ன செய்வது? அவர் அழவில்லை என்றால் தாங்குவேன். சிரித்தால் தாங்க மாட்டேன்.

போடாமலே விட்டுவிட்டால்கூடப் பரவாயில்லை. கட்டாயப்படுத்தாதே. உன் கல்யாணம் நல்லபடியாக நடக்கட்டும். மாமியார் வீட்டில் கேட்டால், அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிடு.

அன்னாள்


திண்டுக்கல்
30.7.2001

அக்கா,

இது கொரியரில் வருகிறது. கையில் கிடைத்ததும் முழுக்கப் படி. குழம்பு அடிப்பிடித்தால் பிடிக்கட்டும்.

உன் பேச்சை நான் கேட்கவில்லை. கேட்கவும் வழி இல்லாமல் போய்விட்டது. நேற்று நான் பாட்டுக்குக் கோவிலில் பூசைக்குப் பூ வைத்துவிட்டு வருகிறேன், அப்பா ரொனால்டை உட்கார வைத்து, "அந்தப் பொட்டியில என்னமோ இருக்காம்ல, போடுங்க மாப்ள" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். ரொனால்டுக்கு உங்கள் விவகாரம் எல்லாம் தெரியும், எது முதலில் என்பது மட்டும் தெரியாது. கையில் அகப்பட்டதைப் போட்டார். நடிகர்கள் படம்.

விட்டுப்போன ரீலை மட்டும் போட்டோம். அந்த அப்பா அழுதார், புரண்டார், வசனம் பேசினார். நம் அப்பா நீ பயந்த மாதிரியே நெளிந்தார். "இவன் என்னடா இம்புட்டு அழுகுறான். புள்ள மழையில நனையுது, மொதல்ல உள்ள கூப்புடுவானா?" என்றார். எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். எழவில்லை. "இன்னொண்ணு இருக்காமே" என்றார்.

நான் உன் படத்தைப் போட்டேன். முதலில் இருந்தே பார்த்தார். கல்மீன் பேசியதும் சிரித்தார். பயப்படாதே, அது நல்ல சிரிப்பு. ஏழு நீரையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னார், அக்கா. நீ சத்தம் போட்டுப் படித்ததை அவர் பக்கத்து அறையில் இருந்து கேட்டிருக்கிறார். நமக்குத்தான் தெரியவில்லை.

கடைசிக் காட்சி வந்தது. அலரி அந்தப் பக்கம் இறங்கினாள். இந்தப் பக்கம் கோட்டைக் காவலனான அவள் அப்பன் வேட்டியை இடது கையால் சுருட்டிப் பிடித்துக்கொண்டு இறங்கினான். நாலு எட்டு வைத்ததும் வலது கையை முட்டியில் ஊன்றி நின்றான். மறுபடி நாலு எட்டு, மறுபடி ஊன்றினான். அப்பா முன்னால் குனிந்தார்.

"மறுக்காப் போடு."

போட்டேன். நீ இங்கே இருந்தபோது மூட்டை விழுந்து முட்டி போனதே, அதற்குப் பிறகு அப்பா கிட்டங்கிப் படியில் எப்படி இறங்குவாரோ, அப்படியே. தினமும் அந்த நடையைப் பார்க்கிறவள் நான், தியேட்டரில் எனக்குத் தட்டவே இல்லை. பிள்ளைகள் போட்ட கூச்சலா, உன்மேல் இருந்த கோபமா, தெரியவில்லை. அப்பா தன் முட்டியைப் பார்த்தார். திரையைப் பார்த்தார்.

"இத அவளா வரைஞ்சா?"

உன்னைப் பற்றி அவர் வாயிலிருந்து கேள்வி வந்து ஐந்து வருடம் ஆயிற்று. ஆமாம் என்றேன்.

"ஒரு நடைக்கு எம்புட்டுப் படம் வரையணும்?"

நீ எழுதியதை எல்லாம் சொன்னேன். கண்ணாடி மேசை, அடியில் விளக்கு, காகிதத்துக்கு மேல் காகிதம், ஒரு கை அசையவே அத்தனை படம் என்று. இந்த நடையை வரைய மாதக் கணக்கில் உட்கார்ந்திருப்பாள் என்றேன். அது நானாகச் சேர்த்தது, தப்பாக இருந்தால் மன்னித்துக்கொள்.

அப்பா முட்டியைத் தடவிக்கொண்டார். பிறகு ரொனால்டைப் பார்த்துத்தான் சொன்னார், என்னைப் பார்க்கவில்லை.

"அப்ப அம்புட்டு நாளும் என்னையவேல்ல நெனச்சுக்கிட்டு ஒக்காந்துருந்துருக்கா."

அவர் கண் கலங்கியது. கிணற்றடிக்குப் போகவில்லை. அங்கேயே, எங்கள் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். எனக்கு என்ன செய்வது என்று தெரியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ரொனால்டும் அழுதார். நல்ல இடத்தில்தான் எனக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள்.

இன்று காலையில் அச்சகத்துக்குப் போய், அழைப்பிதழை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தார். வரவேற்பவர்கள் பெயர் இருக்கும் இடத்தில், பெண்ணின் தந்தை என்று தன் பெயருக்குக் கீழே இரண்டு பெயரைச் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறார். மருமகன் இளஞ்செழியன், மகள் அன்னாள், திருவனந்தபுரம். திண்டுக்கல்லில் வீடு வீடாகப் போகப்போகிற காகிதம் அது. பங்குச் சாமியார் முதல் கிட்டங்கிச் சிவனம்மாள் வரை எல்லாரும் படிப்பார்கள். எழுதிக் கொடுக்கும்போது, "அவ புள்ளைக்கு என்ன பேரு?" என்று கேட்டார். சொன்னேன். அதையும் சேர்த்தார்.

முதல் அழைப்பிதழை உனக்குத் தபாலில் அனுப்பலாம் என்றேன். "பெத்த மகளுக்குத் தபால்ல பத்திரிகை வைக்கிறதா? எந்த ஊருலடி நீ வளந்த?" என்று திட்டினார். வெள்ளிக்கிழமை பத்திரிகை கைக்கு வருகிறது. அதை எடுத்துக்கொண்டு அப்பாவே சனிக்கிழமை காலையில் மதுரை போய், நாகர்கோவில் பஸ் பிடித்து, அங்கிருந்து உன் ஊருக்கு வருகிறார். துணைக்கு ரொனால்டு வரட்டுமா என்றேன், வேண்டாமாம். உனக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். அதனால் நீ ஆச்சரியப்பட்டு நிற்க வேண்டும், மறந்துவிடாதே. அவருக்குச் சர்க்கரை இருக்கிறது, காப்பியில் சீனி போடாதே. கறி வெஞ்சனத்தில் தேங்காய் எண்ணெய் ஊற்றி அவரை அங்கேயே சண்டைக்கு இழுத்துவிடாதே.

வந்ததும் அவருக்குப் பேச்சு வராது. உன்னிடம் என்ன பேசுவது என்று காலையிலிருந்து தயார் செய்துகொண்டிருக்கிறார். அந்தக் காவலனுக்கு எதற்கு அவ்வளவு பெரிய மீசை வைத்தாய், நான் என்றைக்கடி அப்படி மீசை வைத்தேன் என்று கேட்கப் போகிறாராம். பதிலை யோசித்து வை.

உன் தங்கை
கிளாரா